கிட்டாரிலிருந்து பியானோவுக்கு: டூபி பிரதர்ஸ் குழுவின் ஒலி மாறிய விதம், 1971–1980

அமெரிக்க ராக் குழுவான டூபி பிரதர்ஸின் 'லாங் ட்ரெயின் ரன்னின்' 1973இல் வெளிவந்தது. அதே குழுவின் 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்' 1979 ஜனவரியில், ஆல்பத்திலிருந்து தனியே விற்கும் தனிப்பாடலாகக் கடைக்கு வந்தது. இரண்டையும் வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ் நிறுவனம். இரண்டையும் தயாரித்தவர் டெட் டெம்பிள்மன். இருந்தும், முதல் பாடலில் கிட்டார் தந்திகள் எழுப்பும் தாளமே பாட்டின் உடலாக இருக்கிறது. இரண்டாவதில் கிட்டார் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. குரல் வேறு, வரிகளின் மனநிலை வேறு, பாட்டு நகரும் விதமும் வேறு. ஆறு ஆண்டு இடைவெளியில் ஒரு குழு, தன் பெயரைக் கைவிடாமல் இவ்வளவு தொலைவு நகர்ந்ததும், நகர்ந்த பிறகு முன்பைவிடப் பெரிய அங்கீகாரம் பெற்றதும் அமெரிக்க ராக் இசையில் அரிதாக நடந்தவை. அந்த நகர்வு எப்படி நடந்தது, எது அதைச் சாத்தியமாக்கியது, அதற்குக் குழு கொடுத்த விலை என்ன என்பவற்றை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது.

பொதுவாகச் சொல்லப்படும் கதை எளிமையானது. முன்னணியில் நின்று பாடிக் கிட்டார் வாசித்த டாம் ஜான்ஸ்டன் நோயில் விழுந்தார். பியானோ வாசித்துப் பாடும் மைக்கேல் மெக்டொனால்ட் வந்து சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் குழு அவருடையதாகிவிட்டது. ராக் குழு மென்மையான பாப் குழுவாக மாறிப்போனது. இதில் வரும் நிகழ்வுகள் எல்லாம் உண்மை. ஆனால் புதிதாக வந்த ஒருவர் குழுவைப் பிடுங்கிக்கொண்டார் என்ற முடிவுக்கு அந்த நிகழ்வுகள் இடம் தரவில்லை. அந்த ஆண்டுகளின் ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே கேட்டால் தெரிவது இதுதான்: பாட்டின் தாளத்தைச் சுமக்கும் பொறுப்பு ஒரு கிட்டார் கலைஞரின் வலக்கையிலிருந்து ஒரு பியானோ கலைஞரின் இரு கைகளுக்கு மாறியது; பிற மாற்றங்களில் பெரும்பாலானவை அதைத் தொடர்ந்து வந்தவை. அப்படியொருவர் வந்து உட்காருவதற்கான இடமோ, குழு தொடங்கிய நாளிலிருந்தே அதற்குள் காலியாக இருந்தது.

தோல் சட்டைகளும் முதல் ஆல்பமும்

குழு 1970இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவானது. மோபி கிரேப் குழுவின் ஸ்கிப் ஸ்பென்ஸ் வழியாக டாம் ஜான்ஸ்டனும் டிரம்ஸ் வாசிப்பவரான ஜான் ஹார்ட்மனும் அறிமுகமானார்கள். பாஸ் கிட்டாருக்கு டேவ் ஷோக்ரன் வந்தார். பிறகு கிட்டார் வாசித்துப் பாடும் பேட்ரிக் சிம்மன்ஸ் சேர்ந்தார். சாண்டா குரூஸ் மலைப்பகுதியில் இருந்த ஷட்டோ லிபர்ட்டே என்ற மதுவிடுதியில் அவர்கள் அடிக்கடி வாசித்தார்கள். அங்கே கூடியவர்களில் மோட்டார்சைக்கிள் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் நிறைய. அந்தத் தோற்றம் குழுவின் மீதும் ஒட்டிக்கொண்டது. 1971இல் வந்த முதல் ஆல்பத்தின் உறையில் அவர்கள் தோல் சட்டை அணிந்து நிற்கிறார்கள்.

உறையைப் பார்த்து முரட்டு இசையை எதிர்பார்த்து வாங்கியவர் ஏமாந்திருப்பார். அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி மின்னிணைப்பு இல்லாத கிட்டார்களில் அமைந்த, நாட்டுப்புறச் சாயல் கொண்ட, நிதானமான பாட்டுகள். விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனாலும் குழுவுக்கு ஒரே 'உண்மையான' ஒலி இருந்தது, அது பின்னால் கெட்டுப்போனது என்று பேசுபவர்கள் இந்த முதல் ஆல்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ரசிகர்கள் இன்று அசல் என்று கொண்டாடும் ஒலியே, 1972இல் வந்த இரண்டாவது ஆல்பமான 'டூலூஸ் ஸ்ட்ரீட்'டில் நிகழ்ந்த முதல் மாற்றத்தின் விளைவுதான். ஷோக்ரன் விலகி டைரன் போர்ட்டர் பாஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டார். ஹார்ட்மனுக்குப் பக்கத்தில் மைக்கேல் ஹோசாக் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக உட்கார்ந்தார். 'லிசன் டு த மியூசிக்' பாடல், அமெரிக்காவில் பாடல்களை வரவேற்புக்கேற்ப வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 11ஆம் இடம் வரை சென்றது. இரண்டு டிரம்ஸ் செட்கள், அவற்றுக்கு மேல் ஜான்ஸ்டனின் கிட்டார், அதற்கும் மேல் மூன்று குரல்கள் சேர்ந்து பாடும் ஹார்மனி என்ற அமைப்பு அந்த ஆல்பத்தில்தான் உறுதிப்பட்டது.

ஒரு வலக்கை

அந்த அமைப்பு உச்சம் தொட்டது 1973இன் 'த கேப்டன் அண்ட் மீ' ஆல்பத்தில். அதில் இருக்கும் 'லாங் ட்ரெயின் ரன்னின்' பாடலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பின்னால் எது போனது என்பது அப்போதுதான் விளங்கும்.

அந்தப் பாட்டு வரிகளே இல்லாமல் குழு மேடையில் நெடுநேரம் வாசித்துக்கொண்டிருந்த ஒரு தாள விளையாட்டாகத்தான் பிறந்தது. அதற்கு வரிகள் எழுதிப் பாட்டாக்கும்படி ஜான்ஸ்டனை வற்புறுத்தியவர் டெம்பிள்மன். இப்போதும் அதைக் கேட்டால், பாடும் குரலுக்கு முன்பே பாட்டு முழுமை பெற்றுவிட்டது என்று தோன்றும். ஜான்ஸ்டனின் வலக்கை ஒவ்வோர் அடிக்குள்ளும் நான்கு வீச்சுகளாக மேலும் கீழும் ஓயாமல் போய்வருகிறது. அவற்றில் சில வீச்சுகளில் மட்டும் இடக்கை தந்திகளை அழுத்திச் சுரம் எழ விடுகிறது. மீதி வீச்சுகளில் விரல்களைத் தளர்த்தித் தந்திகளை ஊமையாக்கிவிடுவதால், மரத்தில் தட்டியது போன்ற வறண்ட ஓசை மட்டும் கேட்கிறது. சுரம் எழும் வீச்சும் எழாத வீச்சும் மாறி மாறி விழுவதுதான் அந்தப் பாட்டின் தாளம். டிரம்ஸ் இரண்டும் பாஸ் கிட்டாரும் அந்தக் கையைப் பின்தொடர்கின்றன. பாட்டு நான்கைந்து கார்டுகளுக்குள்ளேயே, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகளுக்குள்ளேயே, முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் நெடுநேரம் ஒரே கார்டில் நின்றபடியே அது ஓடுகிறது. ஒரே இடத்தில் நின்றுகொண்டு இவ்வளவு வேகத்தை எழுப்ப முடிந்ததற்குக் காரணம் அந்தக் கை.

இதை ராக் என்று அழைப்பது வழக்கம். ஆனால் கிட்டாரைத் தாளக்கருவியாகப் பயன்படுத்தும் இந்த முறை ஜேம்ஸ் பிரவுன் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் இசையில் வேரூன்றியது. ஜான்ஸ்டன் இளமையில் கேட்டு வளர்ந்ததும் அந்த இசைதான். அவர் குரலிலும் அந்தப் பிடிப்பு இருக்கிறது. மெக்டொனால்ட் வந்துதான் குழுவுக்குள் கறுப்பினத்தவரின் சோல் இசையைக் கொண்டுவந்தார் என்று சொல்பவர்கள் ஜான்ஸ்டனைக் கவனித்துக் கேட்டதில்லை என்றே நினைக்கிறேன்.

குழுவுக்குள் இருந்த மற்றொரு குழு

ஜான்ஸ்டனின் பாட்டுகள் பட்டியல்களில் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சிம்மன்ஸ் முற்றிலும் வேறு இசையை எழுதிக்கொண்டிருந்தார். அவர் விரல்களால் தந்திகளைத் தனித்தனியாக மீட்டி வாசிப்பவர். நாட்டுப்புற இசையிலும் பழைய புளூஸிலும் ஊறியவர். 1974இல் வந்த 'வாட் வேர் ஒன்ஸ் வைசஸ் ஆர் நவ் ஹேபிட்ஸ்' ஆல்பத்தில் அவருடைய 'பிளாக் வாட்டர்' இருக்கிறது. மிசிசிப்பி ஆற்றையும் நியூ ஆர்லியன்ஸையும் பாடும் அந்தப் பாட்டில் வயோலா ஒலிக்கிறது. முடிவில் வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் ஒன்றன் மீது ஒன்றாகச் சுழல்கின்றன. நிறுவனம் அதை ஒரு ஜான்ஸ்டன் பாட்டின் பின்பக்கத்தில்தான் வெளியிட்டது. வர்ஜீனியா மாநிலத்து வானொலி நிலையம் ஒன்று தட்டைத் திருப்பிப் போட்டு ஒலிபரப்பத் தொடங்க, அங்கிருந்து பரவி 1975 மார்ச்சில் அது பில்போர்டு பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. குழுவின் முதல் 'நம்பர் ஒன்' பாடல் ஜான்ஸ்டனுடையதும் அல்ல, மெக்டொனால்டுடையதும் அல்ல என்பதை இந்த விவாதத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பியானோவும் புதிதல்ல. லிட்டில் ஃபீட் குழுவின் பில் பெய்ன் ஆரம்ப ஆல்பங்களிலிருந்தே ஒலிப்பதிவுக்கு வந்து வாசித்துக்கொண்டிருந்தார். 'சைனா குரோவ்' பாட்டுக்கு அவர் வாசித்த பியானோவைக் கேட்ட பிறகே அதன் வரிகள் எந்தத் திசையில் போக வேண்டும் என்பது தனக்குப் பிடிபட்டதாக ஜான்ஸ்டன் கூறியிருக்கிறார். மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ் கலைஞர்களின் ஊதுகருவிகளும் 1974 ஆல்பத்திலேயே ஒலித்தன. பிறகு, ஸ்டீலி டான் குழு மேடையேறுவதை நிறுத்திய நேரத்தில் அதிலிருந்து ஜெஃப் பாக்ஸ்டர் வந்து சேர்ந்தார். ஜாஸ் கார்டுகளில் தேர்ந்த அவரோடு குழுவில் கிட்டார்கள் மூன்றாயின. 1975இன் 'ஸ்டாம்பீட்' ஆல்பத்திலிருந்து பட்டியலில் அதிக உயரம் சென்ற பாட்டு, சோல் இசைக்குப் பெயர்பெற்ற மோட்டவுன் நிறுவனத்தின் பழைய பாடல் ஒன்றின் மறுவடிவம்.

ஆக, 1975 தொடக்கத்தில் இந்தக் குழுவிடம் தாளக் கிட்டார், நாட்டுப்புற விரல்மீட்டல், ஜாஸ் பழகிய கிட்டார், மோட்டவுன் மீதான ஆசை, வெளியாள் வாசிக்கும் பியானோ எல்லாம் இருந்தன. இவற்றைப் பிணைத்துக்கொண்டிருந்தவர் ஜான்ஸ்டன். அவர் மேடையில் நிற்கும் வரை மற்றவை பக்கவாத்தியங்களாகவே இருந்தன.

1975: முடிவெடுக்க நேரமில்லாத மாற்றம்

ஓய்வே இல்லாத பயணங்களால் களைத்திருந்த ஜான்ஸ்டன், 1975 வசந்தகாலச் சுற்றுப்பயணத்தின் தொடக்கத்தில், வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நிகழ்ச்சிகளுக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது. அப்போது பாக்ஸ்டர், ஸ்டீலி டான் சுற்றுப்பயணத்தில் கீபோர்டு வாசித்துப் பின்குரல் பாடிய ஒருவரை அழைக்கலாம் என்றார். செயின்ட் லூயிஸ் பகுதியைச் சேர்ந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மைக்கேல் மெக்டொனால்ட்தான் அவர். நியூ ஆர்லியன்ஸில் குழுவோடு சேர்ந்தார். ஒத்திகைக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒலியை மாற்ற வேண்டும் என்று அன்று யாரும் முடிவெடுக்கவில்லை. வானொலியின் போக்கு மாறுகிறது, நாமும் மென்மையாவோம் என்று நிறுவனத்தில் யாரும் திட்டம் வகுக்கவில்லை. மெக்டொனால்ட் கூப்பிடப்பட்டது ஜான்ஸ்டன் பாட வேண்டிய பாட்டுகளை மேடையில் ஒப்பேற்றுவதற்கு. சுற்றுப்பயணம் முடிந்து புதிய ஆல்பத்துக்கான நேரம் வந்தபோது, ஜான்ஸ்டன் பழைய வேகத்தில் எழுதும் நிலையில் இல்லை. மெக்டொனால்டின் கையில் பாட்டுகள் இருந்தன. குழு கேட்டது, டெம்பிள்மன் கேட்டார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பது ஒருபுறம். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை என்பது மறுபுறம். இரண்டாவதற்குத்தான் எடை அதிகம்.

1976 மார்ச்சில் 'டேக்கின் இட் டு த ஸ்ட்ரீட்ஸ்' வந்தது. தலைப்புப் பாட்டு பியானோவில் தொடங்குகிறது. கார்டுகளின் போக்கு தேவாலயத்தில் பாடப்படும் காஸ்பல் இசையை நினைவூட்டுகிறது. அதன் மேல் மெக்டொனால்டின் கரகரத்த, ஆழமான குரல் ஏறிக்கொள்கிறது. ஜான்ஸ்டனின் குரல் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும். இவர் குரலோ தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து, சொற்களை இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும். பாட்டு 13ஆம் இடம் வரை சென்றது. அந்த ஆல்பத்துக்கு ஜான்ஸ்டன் எழுதியது ஒரே ஒரு பாட்டு. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளியான தொகுப்பு ஆல்பம் காலப்போக்கில் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றது. அதன் பாட்டுகளில் பெரும்பாலானவை ஜான்ஸ்டன் கால ஒலியைக் கொண்டவை. மேடையில் புதிய ஒலி வளர்ந்துகொண்டிருந்தபோது வீடுகளில் பழைய ஒலி சுழன்றுகொண்டிருந்தது. இந்த இரட்டை வாழ்க்கை குழுவை இறுதிவரை விடவில்லை.

தோற்ற ஆல்பம்

என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம், விற்பனையில் தோற்றதாகக் கருதப்படும் 1977இன் 'லிவின் ஆன் த ஃபால்ட் லைன்'. பேசப்படும் ஆல்பங்களுக்கு இடையில் அது அமுங்கிப்போனது. பட்டியலில் பத்தாம் இடம் வரை சென்றாலும், அதிலிருந்து ஒரு தனிப்பாடல்கூட முதல் நாற்பதுக்குள் வரவில்லை. ஜான்ஸ்டன் அதற்காக எழுதிய பாட்டுகள் வெளிவராமல் நின்றுபோயின. அந்த ஆண்டே அவர் குழுவிலிருந்து விலகினார்.

இந்த ஆல்பத்தில் குழு என்ன செய்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தலைப்புப் பாட்டு சிம்மன்ஸ் எழுதியது. அதன் நடுவில் வாத்திய இசை மட்டுமே நீண்டு, உலோகப் பட்டைகளைத் தட்டி விக்டர் ஃபெல்ட்மன் வாசித்த வைப்ரஃபோன் உள்ளே வருகிறது. ஜாஸ் மேடையில் கேட்கும் உரையாடல் அது. பாபி லகைண்ட் வாசிக்கும் காங்கா முழவுகள் முன்னுக்கு வருகின்றன. குழுவின் விளக்குப் பணியாளராக வந்து தாளக் கலைஞரானவர் அவர். போர்ட்டரின் பாஸ் கிட்டார் கீழே அடிக்கோடு போடுவதோடு நிற்காமல் தானே ஒரு மெட்டாக நகரத் தொடங்குகிறது. கிட்டார் தாளத்தைச் சுமந்த காலத்தில் போர்ட்டருக்கு அந்தச் சுதந்திரம் கிடைத்திருக்காது. இடைவெளியில்லாத வலக்கை வீச்சு விலகியதும் பாட்டுக்குள் காற்று புகுந்தது. அந்தக் காலி இடத்தில் பாஸ், காங்கா, மின்பியானோ மூன்றும் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்டன. அதைக் குழு கற்றுக்கொண்ட பள்ளி இந்த ஆல்பம்தான்.

அதிலிருந்த 'யூ பிலாங் டு மீ' பாட்டை மெக்டொனால்டும் பாடகி கார்லி சைமனும் சேர்ந்து எழுதினார்கள். சைமன் பாடிய வடிவம் 1978இல் ஆறாம் இடம் வரை சென்றது. முந்தைய ஆல்பத்தின் 'இட் கீப்ஸ் யூ ரன்னின்' பாட்டையும் அவர் 1976இலேயே பாடிப் பதிவுசெய்திருந்தார். அதில் பின்னணி வாசித்தது இதே குழு. அதாவது, மெக்டொனால்டின் பாட்டுகளில் குறை இல்லை என்பதற்கு வெளியே சான்று கிடைத்துக்கொண்டிருந்தது. குழுவின் பெயரைப் பார்த்து ரயிலோசையை எதிர்பார்த்த நேயர்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

ஒரு கதவுக்கு வெளியே கேட்ட மெட்டு

பாடகர் கென்னி லாகின்ஸ், சேர்ந்து பாட்டு எழுதுவதற்காக மெக்டொனால்டின் வீட்டுக்கு வந்தார். உள்ளே மெக்டொனால்ட் முடிக்காத ஒரு மெட்டைப் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தது கதவுக்கு வெளியே கேட்டது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து மெட்டின் அடுத்த பகுதி லாகின்ஸின் மனதில் தானாக ஓடியது. கைகுலுக்கி அறிமுகமாவதற்கு முன்பே பாதிப் பாட்டு முடிந்துவிட்டது என்று இருவருமே சொல்வதுண்டு. 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்' பாடலை முதலில் வெளியிட்டவர் லாகின்ஸ்தான், 1978 கோடையில், தன் தனி ஆல்பத்தில். அது பெரிதாகக் கவனம் பெறவில்லை. அதே மெட்டு, அதே வரிகள். டூபி பிரதர்ஸ் வாசித்தபோது வேறு உயிர் வந்தது.

அந்த உயிர் தொடக்கத்தின் பியானோவில் இருக்கிறது. இரு கைகளும் கார்டுகளைத் துண்டு துண்டாகத் துள்ள விடுகின்றன. அழுத்தம் அடியின் மேல் விழாமல் அடிக்குச் சற்று முன்பும் பின்பும் விழுகிறது. அடி எங்கே என்று காட்டுவது டிரம்ஸ். அதைச் சுற்றி வளைந்து ஓடுவது பியானோ. 'லாங் ட்ரெயின் ரன்னின்' பாட்டில் ஜான்ஸ்டனின் வலக்கை செய்த வேலையும் இதுதான், அழுத்தமுள்ள ஒலியையும் அழுத்தமற்ற இடைவெளியையும் மாற்றி மாற்றி வைத்துப் பாட்டை முன்னே தள்ளுவது. கருவி மாறியதால் இன்னொன்றும் சாத்தியமானது. ஊமைத் தந்தியில் சுரம் இல்லை; அது தட்டோசை மட்டுமே. பியானோவில் ஒவ்வொரு தட்டுக்கும் சுரம் உண்டு. ஆகவே தாளம் நகரும்போதெல்லாம் கார்டும் கூடவே நகர்கிறது. பழைய பாட்டு ஒரே கார்டில் நின்று ஓடியது. இந்தப் பாட்டு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. திரும்பத் திரும்ப வரும் கோரஸ் பகுதிக்குள் நுழையும்போது ஆதார சுரமே இடம் பெயர்கிறது. மெக்டொனால்டின் குரல் தன் இயல்பான தளத்தை விட்டு உச்சிக்குத் தாவி, மெல்லிய பொய்க்குரலாகிறது.

வரிகளும் இந்த நிலைகொள்ளாமையோடு பொருந்துகின்றன. ஒரு காலத்தில் தன்னைக் காதலித்தாள் என்று தான் நம்பும் பெண்ணை ஒருவன் மீண்டும் சந்திக்கிறான். அவள் நினைவில் அப்படி எதுவுமே நடந்ததாக இல்லை. அவன் விடாமல் நம்பிக்கொண்டிருக்கிறான். நிலையான கார்டு ஒன்றில் இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியாது. ஜான்ஸ்டனின் பாட்டுகள் கூட்டத்தைக் கூப்பிடுபவை. ரயில், ஊர், தெரு, எல்லோரும் சேர்ந்து பாடும் இசை. இங்கே ஒருவனுடைய தனிமையான தவறு மட்டும் இருக்கிறது. தாளத்தின் பொறுப்பு கைமாறியதும் பாட்டு பேசும் பொருள்கூட எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1978 டிசம்பரில் வந்த 'மினிட் பை மினிட்' ஆல்பம் பட்டியலின் முதலிடத்தில் ஐந்து வாரம் இருந்தது. 'வாட் எ ஃபூல் பிலீவ்ஸ்' 1979 ஏப்ரலில் முதலிடம் பிடித்தது. 1980 பிப்ரவரியில் நடந்த கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு, ஆண்டின் சிறந்த பாடல் இரண்டும் அதற்கே கிடைத்தன. குரலுக்கான இசையமைப்புக்கு இன்னொரு விருது. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுக்குச் சிறந்த பாப் குழுப் பாடலுக்கான விருது. அந்தத் தலைப்புப் பாட்டின் முதல் சில வினாடிகள் தாளம் எங்கே விழுகிறது என்று பிடிபடாமல் கேட்பவரைத் தவிக்க விடுகின்றன; டிரம்ஸ் நுழைந்த பிறகே கால் தரையில் பாவுகிறது. இவ்வளவு பெரிய வெற்றி பெற்ற பாப் ஆல்பம் ஒன்று இப்படியொரு துணிச்சலோடு ஒரு பாட்டைத் தொடங்கியதை நான் இன்னும் வியப்போடுதான் கேட்கிறேன்.

அதே ஆல்பத்தில் சிம்மன்ஸ் எழுதிய 'ஸ்டீமர் லேன் பிரேக்டவுன்' என்ற, நாட்டுப்புறச் சாயல் கொண்ட புளூகிராஸ் வாத்திய இசையும் இருக்கிறது. அடிக்கடி பேசப்படாத இந்தத் துண்டு, 1971 ஆல்பத்தின் தொடர்ச்சி. மெக்டொனால்டின் புகழ் உச்சத்தில் இருந்தபோதும் குழுவின் பழைய பாதி மறையவில்லை.

மாறாமல் நின்றவை

இவ்வளவு மாற்றத்துக்கு நடுவிலும் ஒரு குழு ஒரே குழுவாகத் தொடர வேண்டுமானால் ஏதோ சில மாறாமல் இருந்தாக வேண்டும். முதலாவது டெம்பிள்மன். 1971 முதல் 1980 வரையிலான எல்லா ஸ்டூடியோ ஆல்பங்களிலும் அவர் பெயர் இருக்கிறது. முதல் ஆல்பத்தில் மட்டும் லென்னி வாரன்கர் இணைத் தயாரிப்பாளராக உடன் இருந்தார். ஒலிப்பதிவுப் பொறியாளர் டான் லாண்டியும் அந்த ஆண்டுகளில் அவரோடு நெருங்கிப் பணியாற்றியவர். ஹார்ப்பர்ஸ் பிசார் என்ற பாட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பாடியவர் டெம்பிள்மன். ஆகவே குரல்களை அடுக்குவதில் அவருக்குத் தனிப் பிடிப்பு இருந்தது. இதே டெம்பிள்மனும் லாண்டியும்தான் 1978இல் வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவுசெய்தார்கள். கிட்டார் வெடிக்கும் அந்த ஆல்பமும் பியானோ துள்ளும் 'மினிட் பை மினிட்'டும் ஒரே ஆண்டில் அதே கைகளிலிருந்து வந்தன. ஆகவே, தயாரிப்பாளர் மென்மையை விரும்பியதால் குழு மென்மையானது என்ற வாதம் நிற்காது. எதிரில் நிற்கும் கலைஞரிடம் எது உண்மையாக இருக்கிறதோ அதைக் கேட்டு வாங்குவதே அவருடைய வேலைமுறை என்று தெரிகிறது.

இரண்டாவது, இரட்டை டிரம்ஸ். ஹோசாக் 1973இல் விலக, கீத் நூட்சன் அந்த இடத்துக்கு வந்தார். பிறகும் ஆட்கள் மாறினார்கள், அமைப்பு மாறவில்லை. மூன்றாவது, ஹார்மனி. 'லிசன் டு த மியூசிக்' கோரஸையும் 1980இல் வந்த 'ரியல் லவ்' கோரஸையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். தனிக்குரல் வேறாக இருந்தாலும், அதைச் சுற்றி எழும் கூட்டுக்குரலின் வார்ப்பு ஒன்றுபோலவே இருக்கும். நான்காவது, பேட்ரிக் சிம்மன்ஸ். குழுவின் எல்லா வடிவங்களிலும் இருந்தவர் அவர் ஒருவரே. தன் பாட்டு முதலிடம் பெற்ற பிறகும் நடுவில் நிற்க முயலாமல், முதலில் ஜான்ஸ்டனுக்கும் பிறகு மெக்டொனால்டுக்கும் அருகில் நின்று இரண்டு காலங்களையும் இணைத்தவர். இந்தக் குழுவைப் பற்றி எழுதப்படுபவற்றில் அவருக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

கொடுத்த விலை

வெற்றியின் நடுவிலேயே குழு உடைந்தது. 'மினிட் பை மினிட்' ஆல்பத்தைத் தொடர்ந்த பயணங்களுக்குப் பிறகு, 1979இல், பாக்ஸ்டரும் தொடக்க உறுப்பினரான ஹார்ட்மனும் விலகினார்கள். மெக்டொனால்டை அழைத்து வந்தவரே பாக்ஸ்டர்தான். பியானோ எல்லா இடத்தையும் நிரப்பும் பாட்டில் தேர்ந்த கிட்டார் கலைஞர் ஒருவருக்குச் செய்ய மிஞ்சுவது மிகக் குறைவு. ஜான் மெக்ஃபீ, செட் மெக்கிராக்கன், சாக்சஃபோனும் ஆர்கனும் வாசித்த கொர்னீலியஸ் பம்பஸ் ஆகியோர் வந்தார்கள்.

1980இன் 'ஒன் ஸ்டெப் குளோசர்' ஆல்பத்தின் 'ரியல் லவ்' ஐந்தாம் இடம் சென்றது. அருமையான பாட்டு. ஆனால் ஆல்பத்தை முழுதாகக் கேட்கும்போது ஏதோ குறைகிறது. 1977இலும் 1978இலும் பழைய குழுவின் உரசல் உள்ளே இருந்தது: ராக் வாசித்துப் பழகிய கைகள் ஜாஸ் கார்டுகளைக் கற்றுக்கொள்ளும்போது எழும் சிறு முரட்டுத்தனம். 1980இல் எல்லோருக்கும் எல்லாம் வந்துவிட்டது. அந்த உரசலும் போய்விட்டது. கிட்டாரிலிருந்து பியானோவுக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது குழு மிகச் சிறந்த இசையைத் தந்தது. போய்ச் சேர்ந்த பிறகு அங்கே தங்குவதற்கு அதனிடம் அவ்வளவு காரணம் இல்லை. ஜான்ஸ்டனின் வலக்கை இல்லாமல் போனதை இழப்பு என்று சொல்லும் ரசிகர்களோடு இந்த இடத்தில் நானும் உடன்படுகிறேன். அந்த இழப்பு 1976இலேயே நேர்ந்துவிட்டதாக அவர்கள் சொல்வதில்தான் மாறுபடுகிறேன்.

தொடக்க உறுப்பினர்களில் சிம்மன்ஸ் மட்டுமே எஞ்சியிருந்தார். அவரும் விலக விரும்பியபோது, அவர் இல்லாமல் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டாம் என்று குழு 1982இல் பிரியாவிடைப் பயணம் மேற்கொண்டது. செப்டம்பர் 11 அன்று பெர்க்லியின் கிரீக் தியேட்டரில் நடந்த நிறைவு நிகழ்ச்சியில் ஜான்ஸ்டன் மேடையேறி 'சைனா குரோவ்' பாடினார். 1987இல் வியட்நாம் போர் வீரர்களுக்காக நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் பழைய உறுப்பினர்கள் கூடியதிலிருந்து, ஜான்ஸ்டனின் கிட்டாரை மையமாகக் கொண்ட குழு மீண்டும் பிறந்தது. 1989இல் அவர்கள் வெளியிட்ட 'த டாக்டர்' ஒன்பதாம் இடம் பெற்றது. தாளத்தின் பொறுப்பு மீண்டும் அதே வலக்கைக்கு வந்திருப்பது அதன் முதல் நொடியிலேயே கேட்கிறது.

2020இல், ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், குழுவைச் சேர்த்துக்கொண்டபோது ஜான்ஸ்டன், சிம்மன்ஸ், மெக்டொனால்ட் மூவரின் காலங்களையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. பெருந்தொற்றால் தள்ளிப்போன ஐம்பதாம் ஆண்டுப் பயணத்தில் மூவரும் 2021 முதல் ஒரே மேடையில் வாசித்தார்கள். 2025இல் வந்த 'வாக் திஸ் ரோடு' ஆல்பத்தில் மெக்டொனால்ட், 1980க்குப் பிறகு முதல்முறையாக, முழு உறுப்பினராக ஸ்டூடியோவுக்குள் இருந்தார். தலைப்புப் பாட்டில் மேவிஸ் ஸ்டேபிள்ஸ் சேர்ந்து பாடியிருக்கிறார். அந்த ஆல்பத்தில் ஜான்ஸ்டன் பாடும் பாட்டுகளை கிட்டார் நடத்துகிறது, மெக்டொனால்ட் பாடும் பாட்டுகளை கீபோர்டு நடத்துகிறது, சுற்றிலும் எழும் கூட்டுக்குரல் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.